1,448 பக்கத் தீர்ப்பை யார் படிப்பது?

2018 செப்டம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம் ஆதார் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. மொத்தம் 1,448 பக்கம். பெரும்பான்மைக்காக நீதிபதி ஏ.கே. சிக்ரி எழுதியது 567 பக்கம். அதிலிருந்து மாறுபட்டு நீதிபதி டி.ஒய். சந்திரசூட் எழுதியது 481 பக்கம். பெரும்பான்மையோடு பெரிதும் உடன்பட்ட நீதிபதி அசோக் பூஷண் தனியே எழுதியது 400 பக்கம். சட்ட ஆங்கிலத்தை மணிக்கு 20 பக்கம் படிக்கலாம் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், முழுவதையும் முடிக்க 72 மணி நேரம் பிடிக்கும். வேறு வேலை எதையும் தொடாமல் தினம் எட்டு மணி நேரம் உட்கார்ந்தால் ஒன்பது நாள். வங்கிக் கணக்குக்கு ஆதார் கட்டாயமா, செல்பேசி இணைப்புக்கு வேண்டுமா, பான் அட்டையோடு சேர்க்க வேண்டுமா என்பதுதான் அன்று மக்கள் கேட்ட கேள்வி. முதல் இரண்டுக்கும் வேண்டாம், மூன்றாவதற்கு வேண்டும் என்ற விடை ஒரு வரியில் அடங்கிவிடும். காரணங்களையும் மாற்றுக் கருத்தையும் சேர்த்தால் பக்கம் கூடத்தான் செய்யும். உடன்பாட்டுக்கு மட்டும் 400 பக்கம் எதற்கு என்பதுதான் புரியவில்லை.

சட்டக் கல்லூரி மாணவர்கள் படிப்பதில்லை, கைடு வாங்கித் தேர்வு எழுதிவிட்டுப் போகிறார்கள் என்ற புகார் பழையது. ஜூனியர்கள் ஹெட்நோட்டை, அதாவது சட்ட இதழ் தீர்ப்பின் தலையில் அச்சிடும் சுருக்கக் குறிப்பை, தாண்டிப் போவதில்லை என்பது நீதிமன்ற வளாகத்தில் சீனியர்கள் வாயில் அடிக்கடி வருவது. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் குற்றவாளியைத் தவறான இடத்தில் தேடுகிறோம். சட்டத் துறையின் வாசிப்புச் சுமையில் பெரும்பகுதி சட்டத்தின் இயல்பால் வந்ததன்று. எழுதுகிறவர்கள் சுருக்க மறுத்ததால் வந்தது. தீர்ப்பு எழுதுகிறவர், சட்டம் வரைகிறவர், மனு தயாரிக்கிறவர் ஆகிய மூவரும் தாங்கள் செய்திருக்க வேண்டிய வேலையை வாசிப்பவர் தலையில் இறக்கிவைக்கிறார்கள். வாசிப்பவர் அதை இன்னொருவர் தலைக்கு மாற்றுகிறார். கைடும் ஹெட்நோட்டும் இப்போது செயற்கை நுண்ணறிவும் அப்படி மாற்றிவிடும் வழிகளே. ஒரு பருவத்தில் ஐந்தாறு பாடம், பாடத்துக்கு இருபது முப்பது வழக்கு என்று வைத்தால், எல்லாவற்றையும் மூலத்தில் படித்து முடிக்கும் மாணவன் இருக்கவே முடியாது. முடியாத ஒன்றை அவன் செய்யவில்லை என்று குறை சொல்லி என்ன பயன்?

சட்டம் என்றாலே படிக்கச் சிரமமாகத்தான் இருக்கும் என்று நினைப்பவர்கள் இந்தியத் தண்டனைச் சட்டத்தை எடுத்துப் பார்க்கலாம். மெக்காலே தலைமையிலான ஆணையம் முதல் வரைவைத் தந்து, 1860இல் நிறைவேறி, 1862இல் நடைமுறைக்கு வந்த சட்டம் அது. 511 பிரிவுகள். பிரிவைச் சொன்னதும் கீழே எடுத்துக்காட்டு வரும்: 'அ' என்பவர் 'இ' என்பவரின் மோதிரத்தை இன்ன எண்ணத்தோடு எடுத்தால் அது திருட்டு, இன்ன எண்ணத்தோடு எடுத்தால் திருட்டாகாது. வாசிப்பவர் எந்த இடத்தில் தடுமாறுவார் என்று எழுதியவரே முன்கூட்டி யோசித்து வைத்த உதவி இது. அரசியல் நோக்கங்களும் காலனிய ஆதிக்கமும் அந்தச் சட்டத்தில் நிறையவே இருந்தன. ஆனால் வரைவுக் கலையில் அதற்கு ஈடாகப் பின்னால் வந்தவை குறைவு.

அந்தச் சட்டத்தை 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா பதிலீடு செய்தது. 358 பிரிவுகள்தான். எண்ணிக்கை குறைந்திருக்கிறதே, சுமையும் குறைந்திருக்க வேண்டுமே என்று தோன்றும். நடந்தது நேர்மாறு. குற்றங்களின் இலக்கணத்தில் பெரும்பகுதி அப்படியே இருக்க, எண்கள் மட்டும் இடம் மாறின. கொலைக்கு 302 போய் 103 வந்தது. கொலை முயற்சி 307 போய் 109 ஆனது. ஊரே மோசடிக்காரனுக்குப் பட்டப்பெயராக வைத்திருந்த 420, இப்போது 318இன் நான்காம் உட்பிரிவு. ஊரடங்கு என்றதும் நினைவுக்கு வரும் 144 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இருந்தது, அதற்குப் பதிலாக வந்த சட்டத்தில் அது 163. ஜூலை 1க்கு முன் நடந்த குற்றங்களுக்குப் பழைய தண்டனைச் சட்டமே பொருந்தும். அதனால் இன்றைய குற்றவியல் வழக்கறிஞர் மேசையில் இரண்டு தொகுப்புகளும் இருந்தாக வேண்டும். ஒன்றரை நூற்றாண்டு முன்தீர்ப்புகள் பழைய எண்ணில் பேசுகின்றன, புதிய குற்றப்பத்திரிகை புதிய எண்ணில் பேசுகிறது. எண்களை மாற்றாமலே திருத்தங்களைச் செய்திருக்க முடியும். அப்படிச் செய்யாததன் விலையை நாட்டின் எல்லாச் சட்ட மாணவர்களும், எல்லா வழக்கறிஞர்களும், காவல் நிலைய எழுத்தர்களும் இன்னும் பல ஆண்டுகளுக்குக் கட்டிக்கொண்டிருப்பார்கள்.

நீளம் வாசிப்பவரைக் களைப்பாக்குவதோடு நின்றுவிட்டால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அது சட்டத்தையே தெளிவற்றதாக்கிவிடுகிறது. இதற்குச் சிறந்த சான்று, எல்லாச் சட்ட மாணவர்களும் முதல் ஆண்டிலேயே பெயர் கேட்டுவிடும் கேசவானந்த பாரதி வழக்கு. 13 நீதிபதிகள், 68 நாள் விசாரணை, 1973 ஏப்ரல் 24 அன்று 11 தனித்தனித் தீர்ப்புரைகள், 700க்கு மேற்பட்ட பக்கங்கள். ஏழுக்கு ஆறு என்ற மயிரிழைப் பெரும்பான்மை. இத்தனையும் சொல்லி முடித்தபின், பெரும்பான்மையின் கருத்து இதுதான் என்று ஒரு சிறு குறிப்பைத் தயாரித்து அதில் ஒன்பது நீதிபதிகள் கையெழுத்திட்டார்கள். நான்கு பேர் கையெழுத்திடவில்லை. 'நாடாளுமன்றம் அரசியல் சாசனத்தின் அடிப்படைக் கட்டமைப்பை மாற்ற முடியாது' என்று இன்று நாம் ஒரே மூச்சில் சொல்லும் விதி, அந்த 11 உரைகளில் எந்தப் பக்கத்தில் எத்தனை பேரின் ஒப்புதலோடு இருக்கிறது என்பது பல ஆண்டுகள் விவாதமாகவே இருந்தது. தராசை ஒரு பக்கம் சாய்த்தவர் நீதிபதி எச்.ஆர். கன்னா. அடிப்படை உரிமைகள் அடிப்படைக் கட்டமைப்பில் சேராது என்று அவர் எழுதியதாகச் சிலர் பொருள் கொண்டார்கள். தான் அப்படிச் சொல்லவில்லை என்று 1975இல் இந்திரா காந்தியின் தேர்தல் வழக்குத் தீர்ப்பில் அவரே விளக்கம் தர நேர்ந்தது. எழுதியவரே திரும்பி வந்து உரை எழுத வேண்டிய நிலை என்றால், இரண்டாம் ஆண்டு மாணவன் அதில் என்ன கண்டுபிடிப்பான்? 'கேசவானந்த பாரதி – அடிப்படைக் கட்டமைப்பு' என்று நான்கு வரி மனப்பாடம் செய்துகொண்டு போவான். அதைத்தான் செய்கிறான்.

இன்னொரு வழக்கு இந்த நிலைமையை எதிர்பாராத கோணத்தில் காட்டிக்கொடுக்கிறது. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளைத் தொகுத்து 'எஸ்.சி.சி.' என்ற சட்ட இதழாக வெளியிடும் ஈஸ்டர்ன் புக் கம்பெனி, தன் தொகுப்பைக் குறுந்தகட்டில் நகல் எடுத்ததாக மோடக் என்பவர் உள்ளிட்டோர் மீது வழக்குத் தொடர்ந்தது. தீர்ப்பின் மூல வாசகம் பொதுச் சொத்து, அதற்குப் பதிப்புரிமை கிடையாது என்று 2007 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் ஹெட்நோட்டோடு நிற்காமல், பத்தி பிரித்து எண் கொடுத்தது, எந்த நீதிபதி யாரோடு உடன்பட்டார், யார் மாறுபட்டார் என்று குறித்தது போன்ற வேலைகளும் பதிப்புரிமை பெறும் அளவுக்கு அறிவும் திறமையும் கலந்தவை என்றும் ஒப்புக்கொண்டது. சட்டப்படி சரியான முடிவாக இருக்கலாம். அதன் உட்பொருளைக் கொஞ்சம் கவனியுங்கள். நீதிமன்றம் சொன்னதில் யார் எந்தப் பக்கம் என்று கண்டுபிடிப்பதே ஒரு படைப்பு வேலை என்று அந்த நீதிமன்றமே சான்றிதழ் தருகிறது! தீர்ப்பு மக்களுடையது, அதைப் படிக்கத்தக்கதாக ஆக்கும் பகுதி தனியாருடையது. 2023இல் தொடங்கிய இ-எஸ்.சி.ஆர். தளம் பல்லாயிரம் தீர்ப்புகளை இலவசமாகத் தந்துவிட்டது, பாராட்டத்தான் வேண்டும். என்றாலும் 700 பக்கம் இலவசமாகக் கிடைத்தாலும் 700 பக்கம்தான்.

பெரிய விஷயத்தைச் சிறிதாகச் சொல்ல முடியாது என்பார்கள். முடியும் என்பதற்குச் சான்று நம் சென்னையிலிருந்தே இருக்கிறது. வகுப்புவாரி அரசாணைப்படி மருத்துவ, பொறியியல் கல்லூரி இடங்களைப் பங்கிட்ட சென்னை மாகாண அரசின் முறை செல்லாது என்று 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்ன செண்பகம் துரைராஜன் வழக்கு, ஏழு நீதிபதிகள் ஒரே குரலில் சொன்னது. சட்ட இதழில் சில பக்கங்களே வரும். அதன் முடிவோடு உடன்படாதவர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். தமிழகத்தில் எழுந்த எதிர்ப்பும் அந்தத் தீர்ப்பும் சேர்ந்துதான் அதே ஆண்டு முதல் அரசியல் சாசனத் திருத்தத்தில் 15(4) என்ற உட்பிரிவைக் கொண்டுவந்தன. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று: என்ன சொல்லப்பட்டது என்பது எல்லாருக்கும் உடனே புரிந்தது, அதனால்தான் உடனே மறுக்கவும் முடிந்தது. அமெரிக்காவில் பள்ளிகளில் நிறவெறிப் பிரிவினையை ஒழித்த பிரவுன் வழக்கின் தீர்ப்பு (1954) அந்நாட்டு அதிகாரபூர்வத் தொகுப்பில் 14 பக்கம். சாதாரண மக்கள் படிக்கும்படி, செய்தித்தாளில் முழுதாக அச்சிடும்படி அது சிறியதாக இருக்க வேண்டும் என்று தலைமை நீதிபதி ஏர்ல் வாரன் வேண்டுமென்றே அப்படி எழுதினார். 2019இல் பிரிட்டன் பிரதமர் நாடாளுமன்றத்தை முடக்கியது செல்லாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகளும் ஒருமித்துச் சொன்ன தீர்ப்பு 71 பத்திகள். இவை மூன்றும் சின்ன வழக்குகள் என்று யாரும் சொல்லத் துணியமாட்டார்கள்.

இதற்கு எதிராகச் சொல்லப்படுபவற்றில் வலுவானது ஒன்று உண்டு. நீதிபதிக்கு வாக்குப் பெட்டி கிடையாது. தான் தரும் காரணங்கள்தான் அவர் அதிகாரத்துக்கு நியாயம். தோற்றவர் தன் வாதம் ஒவ்வொன்றும் கேட்கப்பட்டதை, ஏன் ஏற்கப்படவில்லை என்பதைத் தீர்ப்பில் பார்க்க வேண்டும். காரணம் சொல்லாத ஒற்றை வரி உத்தரவு நீளமான தீர்ப்பைவிட ஆபத்தானது. இதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். மாறுபட்ட தீர்ப்புரைகளின் அருமையையும் மறுக்கவில்லை. நெருக்கடி நிலையின்போது 1976இல் ஜபல்பூர் வழக்கில் தனித்து நின்ற அதே கன்னாவின் உரை இல்லாவிட்டால் நம் நீதித்துறையின் கணக்கில் ஒரு பெரிய ஓட்டை விழுந்திருக்கும். ஆனால் நீளத்தில் இடம் பிடிப்பது பெரும்பாலும் காரணம் இல்லை. இரு தரப்பு வாதங்களின் முழு மறுபதிவு, முன்தீர்ப்புகளிலிருந்து பக்கம் பக்கமாக எடுத்து ஒட்டிய மேற்கோள்கள், ஏற்கெனவே இன்னொரு நீதிபதி சொன்ன வழக்கு விவரத்தையே உடன்படும் நீதிபதி மறுபடி சொல்வது ஆகியவைதான். தட்டச்சு இயந்திரக் காலத்தில் ஒரு மேற்கோளைச் சேர்க்க யாராவது கையொடிய அடிக்க வேண்டியிருந்தது. இப்போது அந்தத் தடை போய்விட்டது. மனுவில் ஒட்டியது எழுத்துபூர்வ வாதத்துக்கு வருகிறது, அங்கிருந்து தீர்ப்புக்குப் போகிறது, தீர்ப்பிலிருந்து அடுத்த மனுவுக்கு. 2017இல் தனியுரிமை வழக்கில் ஒன்பது நீதிபதிகளும் ஒரே முடிவுக்கு வந்தார்கள். ஆறு உரைகள், 547 பக்கங்கள். நீதிமன்றத்தின் உத்தரவு என்று ஒன்பது பேரும் கடைசியில் சேர்ந்து தந்த பகுதியோ ஓரிரு பக்கத்தில் அடங்கிவிட்டது.

நாட்டில் ஐந்து கோடிக்கு மேல் வழக்குகள் தேங்கிக் கிடக்கும்போது சுருக்கி எழுத நீதிபதிகளுக்கு ஏது நேரம் என்றும் கேட்பார்கள். உண்மைதான், சுருக்குவதற்கு நேரம் பிடிக்கும். ஆனால் அரசியல் சாசனத்தின் 141ஆவது பிரிவுப்படி உச்ச நீதிமன்றம் சொல்வது எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும் சட்டம். எழுதுகிறவர் மிச்சம் பிடிக்கும் ஒரு வாரத்தை நாடெங்கும் ஆயிரக்கணக்கான வழக்கறிஞர்களும் கீழ் நீதிமன்ற நீதிபதிகளும் செலவழிக்கிறார்கள். அதோடு தேக்கத்துக்கே நீளம் ஒரு காரணம். கட்டுப்படுத்துவது தீர்ப்பின் அடிப்படைக் காரணம் மட்டுமே, போகிற போக்கில் சொன்னவை இல்லை. பக்கம் கூடக்கூட இந்த இரண்டையும் பிரிப்பது கடினமாகிறது. ஒரே தீர்ப்பின் ஒரு பத்தியை ஒரு தரப்பும் இன்னொரு பத்தியை எதிர்த் தரப்பும் தூக்கிக்கொண்டு வருகின்றன. வழக்கை முடித்துவைக்க வேண்டிய தீர்ப்பு புதிய வழக்குக்குத் தீனியாகிறது, வாய்தாவும் கூடுகிறது.

படிக்கும் வேலையை இனி கணினியிடம் விட்டுவிடலாமே என்பது புதிய வாதம். நியூயார்க்கில் 2023இல் சாட்ஜிபிடி இட்டுக்கட்டித் தந்த இல்லாத வழக்குகளை மேற்கோள் காட்டிய வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விழுந்தது. அது அமெரிக்கக் கதை என்று ஒதுக்க வேண்டாம். பெங்களூரு வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2024 டிசம்பரில் பிறப்பித்த உத்தரவு ஒன்றில் இல்லாத தீர்ப்புகள் இடம்பெற்றிருந்தது தெரியவந்து, உத்தரவே திரும்பப் பெறப்பட்டது. 2025இல் கேரள உயர் நீதிமன்றம், தீர்ப்பு முடிவுக்கு இத்தகைய கருவிகளைப் பயன்படுத்தக் கூடாதென்று மாவட்ட நீதிமன்றங்களுக்கு விதி வகுத்தது. கருவிகள் மேம்படும் என்பதில் ஐயமில்லை. ஆனால் சட்டத்தில் உயிர் இருப்பது 'எனினும்', 'இவ்வழக்கின் சூழலில் மட்டும்' போன்ற நிபந்தனைச் சொற்களில். சுருக்கத்தில் முதலில் உதிர்வதும் அவைதான். நீதிமன்றத்தில் எழுந்து நிற்பவர் தான் படிக்காததற்கும் பொறுப்பேற்க வேண்டும்.

இந்தச் சுமை எல்லார் தோளிலும் ஒரே அளவில் விழவில்லை. பெரிய அலுவலகங்களில் சீனியருக்கு வரும் கேஸ் கட்டைப் பிரித்துப் படித்து, தேதிவாரியாக நிகழ்வுகளை எழுதி, முன்தீர்ப்பு தேடி வைப்பது ஜூனியர். அந்த உழைப்புக்குப் பல இடங்களில் ஊதியமே இல்லாததால்தான், சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்ச உதவித்தொகை தரும்படி வழக்கறிஞர்களுக்கு அறிவுறுத்துமாறு சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூனில் பார் கவுன்சிலுக்குச் சொல்ல நேர்ந்தது. சிற்றூர் முன்சீப் கோர்ட்டில் நிலைமை வேறு விதம். சாட்சியம் தமிழில் பதிவாகும், எதிர்வாதத்தின் முன்தீர்ப்பு ஆங்கிலத்தில் வரும். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்து, குடும்பத்தில் முதல் பட்டதாரியாகச் சட்டம் படிக்க வந்தவருக்கு ஒவ்வொரு பக்கமும் இரண்டு பக்கம். அரசியல் சாசனத்தின் 348ஆவது பிரிவுப்படி உயர் நீதிமன்ற மொழி ஆங்கிலம். சென்னை உயர் நீதிமன்றத்தில் தமிழ் வேண்டும் என்று 2006இல் சட்டமன்றம் நிறைவேற்றிய தீர்மானம் இன்றுவரை பலிக்கவில்லை. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் சில தமிழில் மொழிபெயர்க்கப்படுகின்றன, ஆங்கில மூலமே செல்லும் என்ற குறிப்போடு. 20 பக்கத் தீர்ப்பை நல்ல தமிழில் பெயர்த்துச் சரிபார்க்கலாம். 1,448 பக்கத்தை எந்த மொழிபெயர்ப்பாளர் கையிலும் கொடுக்க முடியாது. தமிழில் நீதி கேட்பவர்கள் சுருக்கத்தையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், சுருக்கம் ஏற்கெனவே சட்டம்தான். 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம், தீர்ப்பில் வழக்கின் சுருக்கமான விவரமும், முடிவு செய்ய வேண்டிய கேள்விகளும், முடிவும், காரணமும் இருக்க வேண்டும் என்கிறது. வழக்குரையில் முக்கியச் சங்கதிகளைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும், சாட்சியத்தைக் கொட்டக் கூடாது என்கிறது. புரியாத ஆங்கிலத்தில் எழுதப்பட்ட இமாச்சலப் பிரதேச உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றை 2022இல் ரத்து செய்தபோது, பத்திகளுக்கு எண் இடுவது முதற்கொண்டு கேள்வி, விதி, பொருத்தம், முடிவு என்ற வரிசை வரை எப்படித் தீர்ப்பு எழுதுவது என்று உச்ச நீதிமன்றம் பாடமே நடத்தியது. பாடம் நடத்திய நீதிமன்றத்தின் சொந்தத் தீர்ப்புகளுக்கு அந்த அளவுகோல் எப்போது வரும் என்று தெரியவில்லை. 2020இல் மனுக்களுக்கு ஏ4 தாள், இருபுறமும் அச்சு, 14 புள்ளி எழுத்து என்று அதே நீதிமன்றம் விதி போட்டது. எழுத்தின் அளவை நிர்ணயிக்க முடிந்தவர்களுக்கு எண்ணிக்கையை நிர்ணயிப்பதும் முடியும். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் முதன்மை வாதவுரைக்கு 13,000 சொல் என்று வரம்பே இருக்கிறது. மனம் வைத்தால் நடக்கும் என்பதை நம் அரசும் காட்டியிருக்கிறது: 819 பிரிவுகளாக வீங்கிக் கிடந்த 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் இடத்தில், 2026 ஏப்ரல் 1ஐத் தொடக்க நாளாகக் கொண்டு நிறைவேறிய 2025ஆம் ஆண்டுச் சட்டத்தில் 536 பிரிவுகள், சொற்கள் ஏறக்குறையப் பாதி. ஒவ்வொரு தீர்ப்பின் தொடக்கத்திலும் நீதிபதிகளே கையெழுத்திட்ட இரண்டு பக்கக் குறிப்பு, உடன்படும் நீதிபதி தனக்கு மாறுபாடு உள்ள இடத்தை மட்டும் எழுதும் வழக்கம் – இந்த இரண்டும் நாளையே தொடங்கக்கூடியவை, சட்டத் திருத்தம் வேண்டாம்.

நிறையப் படிப்பதுதான் வழக்கறிஞரை உருவாக்கும், சுமையைக் குறைத்தால் தரம் குறையும் என்று பேராசிரியர்கள் சிலர் சொல்வார்கள். இந்தக் கவலை உண்மையானது என்றால் அதைத் தேர்வுத்தாளில் காட்ட வேண்டும். வழக்குகளை மூலத்தில் வாசித்து விவாதிக்கும் முறையை ஹார்வர்டில் லாங்டெல் 1870களில் தொடங்கியபோது, தேர்ந்தெடுத்த தீர்ப்புகளின் தொகுப்பு ஒன்றை முதலில் தயாரித்துக் கொடுத்துவிட்டுத்தான் மாணவர்களைப் படிக்கச் சொன்னார். நம் பல்கலைக்கழக வினாத்தாள்களோ ஆண்டுக்கு ஆண்டு சுற்றி வருபவை, வழக்கின் பெயரையும் விளைவையும் ஒப்பித்தால் மதிப்பெண் தருபவை. அகில இந்திய பார் தேர்வில் குறிப்புகள் இல்லாத சட்டப் புத்தகத்தை உள்ளே கொண்டுபோகலாம். அதையே கல்லூரித் தேர்வுக்கும் அனுமதித்து, மாணவன் இதுவரை பார்த்திராத ஐந்து பக்கத் தீர்ப்பு ஒன்றைக் கையில் கொடுத்து, இதில் கட்டுப்படுத்தும் காரணம் எது, போகிற போக்கில் சொன்னது எது, விவரம் ஒன்றை மாற்றினால் முடிவு மாறுமா என்று கேட்டுப் பார்க்கலாம். முதல் ஆண்டுக்குச் செண்பகம் துரைராஜன் தீர்ப்பை முழுதாக வகுப்பில் வாசிக்கலாம், ஒரு மாலைக்குள் முடிந்துவிடும். கைடு பதிப்பகங்கள் இதற்கும் ஒரு கைடு கொண்டுவரும். வரட்டும், பார்த்திராத தீர்ப்புக்கு விடையை முன்கூட்டி அச்சிட அவர்களாலும் முடியாது.